பழைய போர் விமானப் படத்துக்குப் பெயர் எழுதும் முன்

ஆவணக் காப்பகத்துக்கு வரும் பழைய விமானப் படங்களை அடையாளம் கண்டு பட்டியலிடுவது என் வேலை. படத்தின் பின்னால் பெயர் எதுவும் இல்லையென்றால் எனக்குக் கவலையில்லை, யாராவது தேடிக்கொண்டே இருப்பார்கள். தப்பான பெயர் எழுதிய படத்தைத்தான் அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் இருப்பது அரிய விமானமாக இருந்தால் அதோடு தொலைந்தது.

அதிகம் ஏமாற்றுவது நாட்டுச் சின்னம். ஸ்வஸ்திகாவைக் கண்டதும் ஜெர்மனி என்று எழுதிவிடுகிறார்கள். பின்லாந்து விமானப்படை 1918 முதல் 1945 வரை வெள்ளை வட்டத்துக்குள் நீல ஸ்வஸ்திகாவைத்தான் வரைந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய லாட்வியாவின் விமானங்களில் அது சிவப்பு நிறத்தில் இருந்தது. ஜெர்மனி அதைப் போட்டது வாலில். இறக்கையில் இருந்தது சிலுவை.

வட்டச் சின்னம் இன்னும் சிக்கலானது. பிரிட்டனுக்கு நடுவில் சிவப்பு, வெளியே நீலம். பிரான்சுக்கு நேர் எதிர். கறுப்பு வெள்ளைப் படத்தில் அழுத்தமாகத் தெரிவது நீலம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் சிவப்பை உணராது. சிவப்பு கறுப்பாகப் பதியும், நீலம் வெளிறிப்போகும், மஞ்சள்கூடக் கருத்துவிடும். வானம் வெறும் வெள்ளையாக, ஆட்களின் உதடுகள் கருமையாக இருந்தால் அந்த பிலிமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அதை முடிவு செய்யாமல் நாட்டைச் சொல்ல வேண்டாம்.

சின்னத்தைக் கையால் மறைத்துவிட்டு எஞ்சினுக்குப் போங்கள். சிலிண்டர்கள் வட்டமாக ஒரே அடுக்கில் நின்றால் அவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில்தான் வரும். பாதி தெரிந்தாலே மீதியைக் கணக்கிட்டுவிடலாம். அடுத்தது புகைக்குழாய். ஆடாக்ஸ், ஹைண்ட், ஹெக்டர் என்று 1930களில் பிரிட்டன் கட்டிய ஹாக்கர் ஹார்ட் குடும்பத்து இரட்டை இறக்கை விமானங்கள் தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆடாக்ஸில் புகைக்குழாய் உடலின் பக்கவாட்டில் நீண்டு ஓடும். தரையிலிருந்து செய்தியைக் கவ்வி எடுக்க அடியில் ஒரு கொக்கியும் இருக்கும். ஹைண்டில் வாலடியில் சறுக்குக் கட்டைக்குப் பதிலாகச் சிறு சக்கரம். ஹெக்டரில் நேப்பியர் டாகர் எஞ்சின் என்பதால் மூக்கே வேறு.

ஜெர்மனியின் போர் விமானமான மெசர்ஷ்மிட் 109 என்று எழுதி வரும் படங்களிலும் இதே சோதனை உதவும். அதன் டைம்லர் பென்ஸ் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது, அதனால் புகை வாய்கள் மூக்கின் கீழ்ப்பகுதியில் இருக்கும். மேலே இருந்தால், அது பெரும்பாலும் போருக்குப் பின் ஸ்பெயின் அதே விமானத்தில் பிரிட்டிஷ் மெர்லின் எஞ்சின் வைத்துக் கட்டிய புச்சோன். ஒரே ஒரு வரிசை ஓட்டைகள் நாட்டையும் காலத்தையும் மாற்றிவிடுகின்றன!

நெகட்டிவ் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்களும் உண்டு. எழுத்து தெரியாவிட்டால் நிற்பவர்களின் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

அமெரிக்க விமானம் என்றால் வாலில் உள்ள எண்ணே பாதி வேலையை முடித்துவிடும். மெம்ஃபிஸ் பெல் என்ற பி-17 குண்டுவீச்சு விமானத்தின் எண் 41-24485, வாலில் எழுதியிருந்தது 124485. முதல் இலக்கம் 1941ஐக் குறிக்கிறது. அது கொள்முதலுக்கான நிதியாண்டு, படம் எடுத்த ஆண்டு அல்ல. படத்தின் காலத்துக்கு நட்சத்திரச் சின்னம் உதவும்: நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை 1942 மே மாதம் நீக்கினார்கள், இருபுறப் பட்டைகள் 1943இல் சேர்ந்தன.

இப்போது என்னை மிகவும் வருத்துவது, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் 'தெளிவாக்கி' அனுப்பப்படும் படங்கள். மங்கிய 3 அதில் பளிச்சென்ற 8 ஆகிவிடும். இல்லாத புகைக்குழாய்கூட முளைக்கும். நிறம் ஏற்றினால் சின்னத்தின் கதி சொல்லவே வேண்டாம். தயவுசெய்து மூலப்படத்தை அப்படியே, ஓரம் வெட்டாமல், பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, மூலையில் நிற்கும் லாரி, தொப்பிச் சின்னம் எல்லாமே சாட்சிதான். பெயர் எழுதியே ஆக வேண்டுமென்றால், பின்னால் ஓரமாக மெல்லிய பென்சிலில் காரணத்தோடு எழுதுங்கள்: 'ஹார்ட் வகை, ஆடாக்ஸாக இருக்கலாம், நீண்ட புகைக்குழாய் தெரிகிறது.' அடுத்து பார்ப்பவர் அங்கிருந்து தொடர்ந்துகொள்வார்.