கொதித்த பிறகு எதற்குப் பெரிய தீ?

"சிக்கனம் என்று அம்மா செய்வதில் எது உண்மையிலேயே மிச்சம், எது வெறும் வேலை?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கூடவே ஒரு பட்டியலும் வந்தது: செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பது, அறையை விட்டு வந்தால் லைட்டை அணைப்பது, கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போடுவது, கொதி வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைப்பது. இதில் சார்ஜரை மறந்தால்தான் அதிகத் திட்டு விழுமாம்.

சார்ஜரை முதலில் முடித்துவிடுவோம். போன் மாட்டாமல் சும்மா சொருகியிருக்கும் இந்தக் காலத்துச் சார்ஜர் இழுப்பது 0.1 வாட் அளவில்தான். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் 876 வாட்-மணி. ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. ஆக, வருஷம் முழுக்கப் பிடுங்காமலே விட்டாலும் ஒரு யூனிட் தேறாது.

லைட் கதை கொஞ்சம் வேறு. அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பு விடிய விடிய எரிந்தால் இரண்டு ராத்திரியில் ஒரு யூனிட் போய்விடும். தாத்தா திட்டியதில் நியாயம் இருந்தது. இப்போது அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. இருக்கிறது. ஒரு யூனிட் செலவாக இரண்டு வாரம் ஆகும். பல்பை மாற்றினோம், திட்டை மாற்றவில்லை. ஆனால் அதே ஹாலில், டிவியை அணைத்த பிறகும் செட்டாப் பாக்ஸ் விழித்துக்கொண்டுதான் இருக்கும். அதை யாரும் திட்டுவதில்லை. தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் அந்தச் சூடு உங்கள் காசு. 10 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, பில் சட்டென்று இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். 490-இல் நிற்கும் வீட்டுக்கு இந்த 14 யூனிட் சின்ன விஷயமில்லை.

சரி, இதெல்லாம் வெளிச்சமும் சின்னச் சின்னக் கருவிகளும். வீட்டில் ஆற்றலை உண்மையில் விழுங்குவது வெப்பம். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க, கீசர் அரை யூனிட்டுக்கு மேல் எடுக்கும். அந்த ஒரு குளியலுக்கான மின்சாரத்தில் 9 வாட் பல்பு 60 மணி நேரம் எரியும். அதைவிட வேடிக்கை அடுப்பில் நடக்கிறது. எனக்குப் பிடித்த இடமும் அதுதான்.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். 30 டிகிரி குழாய்த் தண்ணீரை 100-க்குக் கொண்டுபோக, கிராமுக்கு 70 கலோரி. அதற்கு மேல் தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100-ஐத் தாண்டாது. அப்போது அந்தச் சூடெல்லாம் எங்கே போகிறது?

1762-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் இதையே கேட்டுக்கொண்டு, தகரப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் வைத்துக் கடிகாரம் பார்த்தார். கொதி வர சுமார் 4 நிமிடம். முழுக்கச் சுண்ட 20 நிமிடம். அடுப்பு அதே அடுப்பு. கொதிக்க வைக்கக் கொடுத்ததைப்போல ஐந்து மடங்கு சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டும் ஒரு டிகிரிகூட ஏறவில்லை. அதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகளைப் பிய்த்துக் காற்றில் விடுவதற்கான கூலி அது. கிராமுக்கு 540 கலோரி. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைப்பதைப்போல ஏழு மடங்குக்கும் மேல்.

நானும் வீட்டில் ஒரு நாள் சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு லிட்டர் தண்ணீர், கொதி வந்த பிறகு 20 நிமிடம். மூடியில்லாமல் பெரிய தீயில் 780 கிராம் ஆவியாகிப் போயிருந்தது. மூடி போட்டுச் சிம்மில் வைத்தபோது 80 கிராம். இரண்டு பாத்திரத்திலும் உள்ளே 100 டிகிரிதான். அரிசியோ கடலையோ போட்டிருந்தால் இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் வெந்திருக்கும். கூடுதலாகப் போன 700 கிராம் ஆவிக்குச் சுமார் 50 கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டரை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று ரூபாய்க்கு மேல். ஒரு பாத்திரத்துக்கு, ஒரு வேளைக்கு, குமிழைத் திருப்பும் ஒரு நொடி வேலைக்கு. சார்ஜரைச் சுமார் ஒன்பது மாதம் பிடுங்கியே வைத்தால்தான் ஈடாகும் ஆற்றல் அது.

மூடி செய்வது வெறும் அடைப்பு வேலை இல்லை. மேலே போன ஆவி மூடியில் பட்டுத் திரும்பத் தண்ணீராகும்போது, வாங்கிய 540 கலோரியையும் அங்கேயே கக்கிவிடுகிறது. கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்டால் கை அதிகம் வெந்துபோவது அதனால்தான். இட்லி வேகும் ரகசியமும் இதுவே. குளிர்ந்த மாவின் மேல் ஆவி படிந்து நீராகும் ஒவ்வொரு கிராமும் 540 கலோரியை மாவுக்குள் இறக்குகிறது. முதலில் மாவு ஆவியை ஆவலாகக் குடிக்கும், அதனால் வெளியே அதிகம் வராது. மாவு 100 டிகிரியை நெருங்க நெருங்கக் குடிப்பது குறையும். மூடியோரம் ஆவி பீறிட்டு வந்தால், "எனக்குப் போதும்" என்று இட்லி சொல்கிறது என்று அர்த்தம். அப்போதும் பெரிய தீ எரிந்தால் நாம் சமையலறைச் சுவரை அவிக்கிறோம்.

குக்கர் இந்த 100 டிகிரித் தடையைத் தாண்டும் தந்திரம். வெயிட் ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏற்றுவதால் உள்ளே சுமார் 120 டிகிரி வரை போகும், பருப்பு வேகமாக வேகும். ஆனால் வேக வைப்பது அந்தச் சூட்டில் கழியும் நேரம், விசில் அல்ல. விசில் என்பது கூடுதல் சூட்டை வெளியே கொட்டும் சத்தம். முதல் விசிலோடு சிம்முக்கு வந்து கடிகாரத்தைப் பாருங்கள். கடலையை ஊறப்போடுவதும் இதே கணக்குதான். தண்ணீர் கடலையின் நடுவரை போய்ச் சேர நேரம் பிடிக்கும்; அந்த வேலையை ராத்திரி இலவசமாகச் செய்யும், அடுப்பு காசுக்குச் செய்யும்.

இந்த அடுப்பு ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் மரியாதை குறைவு என்ற வருத்தம் எனக்கு உண்டு. 1974-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஞ்ஞானி அமுல்ய ரெட்டி கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்கென்று தொடங்கிய அஸ்த்ரா குழு, விறகைக் குறைவாகத் தின்னும் அடுப்பு ஒன்றை உருவாக்கியது. ராக்கெட் கிளம்பினால் நேரலையில் பார்க்கிறோம். இந்த அடுப்பின் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

மரியாதை கிடைப்பதெல்லாம் வேறு சரக்குக்கு. சில வருஷம் முன்பு ஒரு பொருட்காட்சியில், பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்று ஒரு டப்பாவை 300 ரூபாய்க்கு என் தலையிலும் கட்டினார்கள். திறந்து பார்த்தால் ஒரு கெப்பாசிட்டரும் பச்சை விளக்கும். மின்னழுத்தமும் மின்னோட்டமும் தாளம் தப்பி முன்பின்னாக ஓடுவதைக் கெப்பாசிட்டர் கொஞ்சம் சரிசெய்யும். ஆனால் வீட்டு மீட்டர் எண்ணுவது உண்மையில் செலவான யூனிட்டை மட்டும்தான், அதில் ஒரு புள்ளியும் குறையாது. பச்சை விளக்குக்கு வேறு தனியாகக் கரண்ட்.

இத்தனையையும் என் அம்மாவிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். தராசுக் கணக்கைப் பொறுமையாகக் கேட்டார், அடுத்த நாளே குக்கர் சிம்முக்கு வந்துவிட்டது. அப்புறம் நேராகப் போய் சார்ஜரைப் பிடுங்கினார். "வருஷத்துக்கு ஒரு யூனிட்கூட இல்லம்மா" என்றேன். "கரண்டுக்காக யாருடா பிடுங்குறா? இடி இடிச்சா போர்டோட கருகிப் போகும்" என்றார். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நானும் எழுந்துபோய் மோடத்தைப் பிடுங்கினேன்.