பாஸ்புக்கில் ஒரு பெயரை எழுதி வையுங்கள்

போன வாரமும் ஒரு அக்கா வந்தார். கணவருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு, ஆதார், இறப்புச் சான்று, ஓரம் கிழிந்த பாஸ்புக் எல்லாம் இருந்தன. முதல் பக்கத்தைத் திருப்பினேன். நாமினேஷன், அதாவது கணக்குக்காரர் இறந்தால் பணத்தை வங்கியிடம் வாங்க வேண்டியவர் பெயர், என்ற இடத்துக்கு எதிரே ஒன்றுமே இல்லை. கணினியிலும் இல்லை. எஃப்டி என்கிற நிரந்தர வைப்பு இரண்டு இருந்தது, அதிலும் இல்லை.

"எனக்க மாப்பிளைக்க பைசா தானே சாரே, அதை எனக்குத் தர இவ்வளவு பேப்பர் எதுக்கு?" என்று கேட்டார்.

சொந்த ஊரிலேயே வங்கி வேலை பார்ப்பவனுக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி வலிக்கும். அந்த அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். குழியில் மண் போட்டவர்களில் நானும் ஒருத்தன். அதே நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "வாரிசுச் சான்றிதழ் வேணும் அக்கா, மாமியார் கையெழுத்து வேணும், சவுதியில் இருக்கிற மூத்த மகனின் கையெழுத்தை இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பச் சொல்லுங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'நம்ம ஊர்ப் பையன்தானே மேனேஜர், பார்த்துச் செய்வான்' என்று நினைத்து வருகிறார்கள். ஓடி ஓடிப் பேப்பர் தயார் பண்ண உதவலாம், தாசில்தார் அலுவலகத்துக்குக் கூடவே போகலாம். விதியை நான் மாற்ற முடியாது. ஊர்க்காரன் என்று ஒருத்தருக்குத் தூக்கிக் கொடுத்தால், நாளைக்கு இன்னொரு வாரிசு வந்து நிற்கும்போது நானும் வங்கியும் பதில் சொல்ல வேண்டும்.

கருங்கல், குளச்சல், தக்கலை என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் வங்கி நண்பர்கள் சொல்கிற கதை இதேதான். எதனால் எழுதாமல் விடுகிறார்கள்? மறதி ஒரு பக்கம். பெரிய காரணம் தப்பான எண்ணம். "நாமினி போட்டா பைசா அவளுக்குச் சொந்தமாயிரும் சாரே" என்று மனைவி பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம் சொன்ன ஆட்கள் உண்டு. "மூத்தவன் பெயரைப் போட்டா இளையவன் சண்டைக்கு வருவான்" என்று இருவர் பெயரையும் விட்ட அப்பாக்கள் உண்டு.

ஆகவே பொறுமையாகவே சொல்கிறேன். நீங்கள் உயிரோடு இருக்கும் வரை நாமினிக்கு உங்கள் கணக்கில் ஒரு ரூபாய் உரிமைகூடக் கிடையாது. பணம் எடுக்க முடியாது, இருப்பு எவ்வளவு என்று கேட்டாலும் நாங்கள் சொல்ல மாட்டோம். நீங்கள் நினைத்த நாளில் பெயரை மாற்றலாம், நீக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சரி, இறந்த பிறகு? அப்போதும் நாமினி அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் வந்த பார்சலைப் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிறாரே, அந்த மாதிரிதான். வங்கியிடமிருந்து வாங்குவதற்கு அவருக்கு அதிகாரம், வாங்கியதைச் சட்டப்படியான வாரிசுகளுக்குச் சேர்ப்பது அவருடைய கடமை. ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. நாமினியாக மனைவி பெயர் இருந்தாலும் அந்தத் தாயின் பங்கு அப்படியே இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பதை வாரிசுச் சட்டமோ உயிலோதான் தீர்மானிக்கும். பணம் வங்கியிலிருந்து தாமதமில்லாமல் வெளியே வருவதற்குத்தான் நாமினி. பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரி பாக்கிக்கும் பணம் தேவைப்படுகிற நேரத்தில், அது எவ்வளவு பெரிய உதவி என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னும் 'இளையவன் சண்டை' என்பவர்களுக்கு: 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட் கணக்கில் நான்கு பேர் வரை போடலாம். ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் எழுதலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசையாகவும் எழுதலாம். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான். இனி அந்தச் சாக்கும் இல்லை.

சேவிங்ஸ் கணக்கில் போட்டது எஃப்டிக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று இருக்காதீர்கள். ஒவ்வொரு டெபாசிட்டிலும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்குச் சாட்சி தேவையில்லை, கைநாட்டு வைப்பவருக்கு மட்டும் இரண்டு சாட்சி வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைப் போட்டவர்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயசு வந்த பிறகும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த அம்மா இறந்தும் போயிருப்பார். பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போகும், வங்கிக் கணக்கில் அப்படிச் செல்லாமல் போகாது. நீங்கள்தான் வந்து மாற்ற வேண்டும்.

அப்புறம் இந்த ஏடிஎம் விஷயம். "கார்டும் பின் நம்பரும் என்கிட்ட இருக்கே, எதுக்கு பேங்குக்குப் போகணும்?" என்று இறந்த மறுநாளே எடுக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கணக்குக்காரர் இறந்த பிறகு எடுக்கும் பணத்துக்கு எடுத்தவர் பதில் சொல்ல வேண்டிவரும். பின்னால் அண்ணன் தம்பிக்குள் வழக்கு வந்தால், தேதியும் நேரமும் போட்ட அந்த ஸ்டேட்மெண்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். அடக்கச் செலவுக்கு எடுத்த பணத்துக்குக்கூடத் திருட்டுப் பெயர் வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கடற்கரை ஊர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை பக்கம் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவில்லை என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்று சுலபத்தில் கிடைக்காது. ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கருதலாம் என்கிறது சாட்சியச் சட்டம். ஒக்கி நேரத்தில் அரசு தலையிட்டதால் நிவாரணம் சீக்கிரம் வந்தது. தனியாக ஒரு வள்ளம் காணாமல் போனால் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. சான்று இல்லாமல் நாமினி பணம் வாங்குவது பெரும்பாடு. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் மனைவியையும் சேர்த்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில், நாங்கள் 'எய்தர் ஆர் சர்வைவர்' என்போமே, அந்தக் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கரை சேரத் தாமதமானாலும் வீட்டில் அடுப்பு எரியும். கூட்டுக் கணக்குக்கும் நாமினி போட மறக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர் ஊரில் எந்தெந்த வங்கியில் என்னென்ன இருக்கிறது என்று வீட்டில் சொல்வதேயில்லை. என்ன ரகசியமோ! பழைய ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் பாஸ்புக்குகள் இன்னும் இங்கே பல பீரோக்களில் கிடக்கின்றன. அந்த வங்கி 2017 ஏப்ரல் 1-இல் ஸ்டேட் பேங்கோடு சேர்ந்துவிட்டது, கணக்கும் பணமும் எங்கேயும் போகவில்லை. பத்து ஆண்டுகள் கேட்பாரில்லாமல் கிடந்தால் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்போதும் உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும். ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். அப்பா, தாத்தா பெயரில் ஒருமுறை தேடுங்கள்.

என் வீட்டு பீரோவில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எந்த வங்கி, எந்தக் கிளை, எஃப்டி என்றைக்கு முதிர்கிறது, கடன் பாக்கி எவ்வளவு, யார் நாமினி என்று என் மனைவிக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன். பாஸ்வேர்டும் பின் நம்பரும் அதில் கிடையாது, அவை தேவையுமில்லை. வருடத்துக்கு 436 ரூபாய் பிடிக்கிற ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் பிடிக்கிற சுரக்ஷா விபத்துக் காப்பீடு இரண்டையும் அதில் தனியாக எழுதியிருக்கிறேன். காரணம், கணக்கில் பணம் பிடித்திருப்பது தெரியாமலே இரண்டு லட்சம் ரூபாயைக் கேட்காமல் விடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. பாஸ்புக்கில் மே, ஜூன் மாத வரவு செலவைப் பாருங்கள். 436 என்று இருந்தால் உடனே கிளைக்கு வந்து சொல்லுங்கள்.

மகளிர் குழுக் கூட்டத்திலும் பங்குக் கோயிலின் அன்பியக் கூட்டத்திலும் கூப்பிட்டால் வந்து பேசுகிறேன். கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டாலும் பதில் சொல்வேன், அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு 'சரி சாரே, வாறேன்' என்று போகிறவர்கள் வருவதில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வருகிறவர்களே, டிசம்பர் கடைசி வாரம் கிளையில் நிற்க இடம் இருக்காது. வந்து இறங்கிய வாரத்திலேயே பாஸ்புக், எஃப்டி ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். படிவம் மேஜையிலேயே இருக்கிறது, பேனாவும் நான் தருகிறேன்.