எறியமாற்றம்: ‘ரீப்ரொஜெக்‌ஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஓர் எறியத்தில் அமைந்த நிலப்படத்தை வேறோர் எறியத்துக்குக் கணக்கிட்டு மாற்றும் செயலே எறியமாற்றம். உருண்டையான புவியைத் தட்டையான படத்தில் அமைக்கும் கணக்குமுறையே எறியம். புவித்தகவல் துறையில் வேலை செய்வோர் இதை ‘ரீப்ரொஜெக்‌ஷன்’ என்றும், நிரல் எழுதுவோர் ‘வார்ப்’ என்றும் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். பல கோப்புகளை ஒரு சிறுநிரலின் வழியே ஒரே முறையில் மாற்றும்போது அதன் முன்னால் ‘பேட்ச்’ என்ற சொல்லும், மாற்றப்படுவது கட்டங்களால் ஆன படமாக இருந்தால் ‘ராஸ்டர்’ என்ற சொல்லும் சேர்ந்துகொள்கின்றன. இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, தமிழில் எவை பொருந்தும் என்று பார்க்குமுன், இந்தச் செயல் எதற்குத் தேவைப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்; செயல் புரியாமல் ஆக்கும் கலைச்சொல் பெரும்பாலும் பிழையாகவே அமையும்.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடார் கொண்டு அளக்கப்பட்ட நில உயரத் தரவு இன்று எவரும் இலவசமாகப் பெறக்கூடியது. ஒரு பாகை நீளமும் ஒரு பாகை அகலமும் கொண்ட சதுரங்களாக அது வெட்டப்பட்டு, சதுரத்துக்கு ஒரு கோப்பாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் 3601 கிடை வரிசைகளும் 3601 செங்குத்து நிரல்களும் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடத்தின் உயரம் மீட்டரில் எழுதப்பட்டிருக்கும். உயரம் மீட்டரில் இருக்கிறது, ஆனால் கட்டத்தின் அகலமோ பாகையின் 3600இல் ஒரு பங்காக இருக்கிறது. நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 31 மீட்டராக உள்ள அந்தக் கிழக்கு மேற்கு அகலம், 60ஆம் அட்சக்கோட்டில் பாதியாகக் குறைந்துவிடும். மலைச்சரிவைக் கணக்கிட விரும்புபவர், உயர வேறுபாட்டைத் தொலைவால் வகுக்க வேண்டுமானால், இரண்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும். ஆகவே பாகையில் உள்ள படத்தை மீட்டரில் அளக்கும் ஓர் எறியத்துக்கு முதலில் மாற்றியாக வேண்டும்.

பெரும்பாலோர் தேர்ந்துகொள்வது, இடங்களை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் எனப்படும் எறிய முறையை. அது உலகை ஆறு பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. 43ஆம் மண்டலத்துக்கும் 44ஆம் மண்டலத்துக்கும் எல்லையான 78ஆம் தீர்க்கக்கோடு தமிழ்நாட்டின் ஊடாகவே செல்வதால், கோயம்புத்தூரும் திருநெல்வேலியும் ஒரு மண்டலத்திலும், சென்னையும் திருச்சியும் மதுரையும் இன்னொன்றிலும் விழுகின்றன. திண்டுக்கல் நகரம் ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே அமர்ந்திருக்கிறது. மாநிலம் முழுவதையும் ஒரே படமாக ஆக்க நினைப்பவர் ஒரு மண்டலத்தைத் தேர்ந்து, எல்லாச் சதுரங்களையும் அதற்கே மாற்றி, மறுபுறத்தில் ஏற்படும் சிறிதளவு உருக்குலைவை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றுவது நேரத்தை வீணாக்குவதோடு, ஒன்றில் ஒரு அமைப்பும் மற்றொன்றில் வேறு அமைப்பும் நுழைந்துவிடவும் வழிசெய்யும் என்பதனால்தான் சிறுநிரல் இங்கே தேவைப்படுகிறது.

இனிச் சொற்களுக்கு வருவோம். ‘ராஸ்டர்’ ஜெர்மன் மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர் இலத்தீனில் ‘ராஸ்ட்ரும்’, அதாவது மண்ணைக் கீறிச் சமன்படுத்தும் பல்வரிசை கொண்ட கருவி. அந்தக் கருவி இழுபட்ட நிலத்தில் இணைகோடுகள் தோன்றும். ஐரோப்பாவில் இசைக்குறிப்புத் தாளில் ஐந்து கோடுகளை ஒரே இழுப்பில் வரைந்த ஐந்துமுனைப் பேனாவுக்கும் இதே பெயர்தான். பின்னர் அச்சுத்தொழிலில் புள்ளித்திரைக்கும், தொலைக்காட்சிக் குழாயில் மின்னணுக்கற்றை வரிவரியாக ஓடி வரையும் தளத்துக்கும் அது பெயராயிற்று. இன்றைய பொருளில் கோடுகள் பின்னே போய்விட்டன. வரிசையும் நிரலும் வெட்டிக்கொள்ளும் கட்டங்களே எஞ்சியிருக்கின்றன. ஆகவே கீறலையோ வரியையோ நினைவூட்டும் புதுச்சொல்லைத் தேடுவதைவிட, ‘கட்டப்படம்’ என்று சொல்வதே நேர்மையானது. சாதகக் கட்டம், குறுக்கெழுத்துக் கட்டம் என்று நம் எல்லோருக்கும் பழகிய சொல் அது. படப்புள்ளி என்பது ஒளிப்படத்துக்குப் பொருந்தினாலும், உயரத்தையோ மழையளவையோ தாங்கும் ஓர் இடப்பரப்பைப் புள்ளி என்பது சரியாகாது.

‘ப்ரொஜெக்‌ஷன்’ இலத்தீனில் முன்னோக்கி எறிதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. இதில் வியக்கத்தக்க ஓர் ஒற்றுமை உண்டு. 1998இல் ஃப்ராங்க் வார்மர்டாம் தொடங்கிய, இன்று இத்துறையின் அடித்தளமாக விளங்கும் ‘ஜிடால்’ என்னும் நிரலகத்தில் (நிரல்களின் தொகுப்பில்) எறியத்தை மாற்றும் வேலையைச் செய்யும் கருவிக்குப் பெயர் ‘வார்ப்’. அந்தச் சொல்லின் பழைய ஆங்கில மூலமும் எறிதல் என்றே பொருள்படுகிறது. தறியில் நீளவாக்கில் போடப்படும் நூலுக்கும், வளைந்து முறுக்கிக்கொண்ட மரப்பலகைக்கும் அந்தச் சொல் பின்னர் பரவியது. நெசவுப் பொருளைப் பிடித்துக்கொண்டு இங்கே ‘பாவு’ என்று மொழிபெயர்த்தால் அது தவறாகிவிடும், ஏனெனில் நிரலகத்தில் கருதப்படுவது படத்தை வளைத்து இழுத்துப் பொருத்துவது மட்டுமே. ஆனாலும் இரண்டு சொற்களும் எறிதல் என்ற ஒரே கருத்தில் சந்திக்கின்றன, தமிழிலும் அந்தக் கருத்துக்கு வேர் தயாராக இருக்கிறது.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் புவியியல் பாடங்களில் ‘கோட்டுச்சட்டம்’ என்று படிக்கிறோம்; கணிதத்தில் திசையன் பாடத்தில் ‘வீழல்’ வருகிறது; ஈழத்துப் பாடநூல் மரபில் ‘எறியம்’ ஊன்றியிருக்கிறது. கோட்டுச்சட்டம் என்ற சொல், அட்சக்கோடுகளும் தீர்க்கக்கோடுகளும் தாளில் அமையும் வலையைக் கண்முன் நிறுத்துகிறது. தாளில் அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைந்து கற்பிக்கும் வகுப்பறைக்கு அது நல்ல சொல்தான். ஆனால் அது ஒரு பொருளின் பெயர், செயலின் பெயரன்று. அதிலிருந்து வினை பிறக்காது. மாற்றத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல் நீண்டு முறிந்துவிடும். வீழல் என்பதில் வேறு குறை இருக்கிறது: நிழல் தானே விழுகிறது, ஆனால் நிலப்படத்தை நாம்தான் ஆக்குகிறோம். அதைப் பிறவினையாக்கி ‘வீழ்த்துதல்’ என்றால் பகைவனை வீழ்த்தியதாகவோ மரத்தை வீழ்த்தியதாகவோ பொருள் போய்விடுகிறது.

எறியம் என்பதையே நான் ஏற்கிறேன். எறி என்ற வேருக்குக் கையால் வீசுதல் மட்டுமல்ல, ஒளி பரப்புதலும் பொருளாக உண்டு. ‘வெயில் எறிக்குது’ என்று ஈழத்துப் பேச்சில் இன்றும் கேட்கலாம். கண்ணாடி உருண்டையின் நடுவே விளக்கை வைத்து, அதன் மேல் வரைந்த கோடுகளின் நிழலைத் தாளில் பிடிப்பதுபோல என்று எறியத்தை வகுப்பில் விளக்குவதுண்டு. அந்த விளக்கத்துக்கு இந்த வேர் இரண்டு வழியிலும் துணைநிற்கிறது. உண்மையில் 1569இல் வெளிவந்த மெர்கேட்டரின் படம் உட்பட மிகப் பல எறியங்கள் எந்த விளக்காலும் பெறக்கூடியவை அல்ல, கணக்கால் மட்டுமே பெறப்படுபவை. ஆயினும் பெயர் பல மொழிகளில் நிலைத்துவிட்டது, அதனால் கேடில்லை.

‘மறு’ என்ற முன்னொட்டைச் சேர்த்தால் மட்டும் இடர் வருகிறது. மறு, எறியம் இரண்டும் புணரும்போது ‘மறுவெறியம்’ என்றாகி, படிப்பவர் கண்ணில் ‘வெறி’ தான் முதலில் படும். ‘மீளெறியம்’ என்றாலோ பழைய நிலைக்கே திரும்பிப்போவது போன்ற பொருள் தொனிக்கிறது. நாம் திரும்பிப் போகவில்லை, புதியதொன்றுக்குச் செல்கிறோம். ஆகவே ‘எறியமாற்றம்’ என்பதே தெளிவு. ‘எறியம் மாற்று’ என்று வினையாகவும், ‘எறியம் மாற்றிய கோப்பு’ என்று அடையாகவும் அது இயல்பாக நெகிழ்கிறது.

இந்தச் சொல்லைத் தேர்வதற்கு இதைவிட வலுவான காரணமும் உண்டு. நிரலகத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு செயல்கள் இருக்கின்றன. ஒன்று, கோப்பின் தலைப்பில் ‘இது இன்ன எறியத்தில் உள்ளது’ என்று எழுதிவைப்பது; அதில் ஒரு கட்டத்தின் மதிப்பும் இடமும் மாறுவதில்லை. மற்றொன்று, ஒவ்வொரு கட்டத்தின் இடத்தையும் சூத்திரத்தால் கணக்கிட்டு, புதிய கட்ட வலையை அமைத்து, மதிப்புகளை மீண்டும் நிரப்புவது. முன்னதை ‘எறியம் குறித்தல்’ என்றும், பின்னதை ‘எறியமாற்றம்’ என்றும் பிரித்துச் சொல்லும் ஒழுங்கு நமக்கு வேண்டும். பாகையில் உள்ள படத்தின் தலைப்பில் யுடிஎம் 44 என்று வெறுமனே குறித்துவிட்டால், கோயம்புத்தூரில் இருக்க வேண்டிய மலைச்சரிவு, நிலநடுக்கோட்டை ஒட்டி கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள நடுக்கடலில், ஒரே ஒரு மீட்டர் அகலமுள்ள சதுரத்தில் சுருங்கிக் கிடக்கும். ஆங்கிலத்தில் ‘செட்’, ‘அசைன்’, ‘டிஃபைன்’ என்று வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு பெயரிட்டதால் விளைந்த குழப்பத்தைத் தமிழ் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

பழைய நிலவரைபடங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். இந்திய நில அளவைத் துறையின் முந்தைய தாள்கள் எவரெஸ்ட் 1830 என்னும் நீள்கோளத்தை (புவியின் வடிவத்துக்கு ஒப்பான கணித உருவத்தை) ஆதாரமாகக் கொண்டு பல்கூம்பு எறியத்தில் வரையப்பட்டவை. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் வந்த பொதுவரிசைத் தாள்கள் டபிள்யுஜிஎஸ் 84 என்னும் வேறொரு நீள்கோளத்தையும் யுடிஎம்மையும் பின்பற்றுகின்றன. இரண்டு நீள்கோளங்களின் நிலநடுக்கோட்டு ஆரங்களுக்கிடையே 860 மீட்டருக்குச் சற்று மேலான வேறுபாடு உண்டு. அவற்றின் மையங்களும் ஒன்றல்ல. 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே நில அளவையாளர் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த அளவை மரபில் வந்த பழைய தாளை நகலெடுத்து, ஆதாரத்தளத்தை, அதாவது எந்த நீள்கோளம் எந்த மையத்தில் அமைந்தது என்பதை, கவனிக்காமல் மாற்றினால், ஒரு கிணறோ கோயிலோ நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகக்கூடும். ஆகவே எறியமாற்றம் என்னும்போது ஆதாரத்தள மாற்றத்தையும் அதற்குள் அடக்கியே புரிந்துகொள்ள வேண்டும்.

‘பேட்ச்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அதன் மூலம் ஆங்கிலத்தில் ரொட்டி சுடுதல். ஓர் அடுப்பில் ஒரே நேரத்தில் சுட்டெடுத்த ரொட்டிகளின் தொகையே முதலில் ‘பேட்ச்’. தமிழில் இதற்கு நேரான சொல் நம் சமையலறையிலேயே இருக்கிறது: ‘முதல் ஈடு இட்லி’ என்கிறோமே, அந்த ஈடு. இடு என்பது ஈடு ஆனது, சுடு சூடானதும் கெடு கேடானதும் போன்ற முதனிலை திரிந்த தொழிற்பெயர். கணினித் துறையில் ‘தொகுதிச் செயலாக்கம்’ என்ற சொல் பரவியிருந்தாலும், நிலப்படத் துறையில் தொகுதி என்றால் எவருக்கும் சட்டமன்றத் தொகுதியே நினைவுக்கு வரும். ‘தொகுதிப் பட எறியமாற்றம்’ என்று எழுதினால் எல்லைக்கோடுகளை மாற்றுவதாகவே படிப்பவர் எண்ணுவார். எனவே ‘ஈட்டுமுறை எறியமாற்றம்’ என்று எழுதுவதையே பரிந்துரைக்கிறேன். நிரலாக்கத்தில் ‘ஸ்கிரிப்ட்’ என்பதற்குச் ‘சிறுநிரல்’ போதும்.

ஈட்டுமுறையில் செய்யும்போது தனிக் கோப்பில் வராத சில சிக்கல்கள் வருகின்றன, அவற்றுக்கும் சொல் தேவை. கட்டத்தின் அளவை நாம் சொல்லாவிட்டால், கருவி ஒவ்வொரு கோப்புக்கும் தானே ஓர் அளவைக் கணக்கிடும். அவை ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும். அடுத்தடுத்த சதுரங்களின் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. எனவே 30 மீட்டர் என்று ‘கட்ட அளவை’ அறுதியிட்டு, எல்லாக் கோப்புகளும் ஒரே வலையில் அமரும்படி ‘வலைப்பொருத்தம்’ கேட்க வேண்டும். புதிய கட்டத்துக்கு மதிப்பளிக்கும் முறையை ‘மறுமதிப்பீடு’ எனலாம்: உயரத்துக்கு, சூழ்ந்த நான்கு கட்டங்களின் மதிப்பைத் தொலைவுக்கேற்ப நிறைகொடுத்துச் சேர்க்கும் முறை ஏற்றது, ஆனால் வயல், காடு, குடியிருப்பு என எண்களால் வகைகுறித்த நிலப்பயன்பாட்டுப் படத்தில் அது கூடவே கூடாது, ஏனெனில் வயலின் 2க்கும் நீர்நிலையின் 6க்கும் நடுவே 4 என்று கணக்கிட்டு, அங்கே இல்லாத காட்டை உண்டாக்கிவிடும். அத்தகைய படத்துக்கு, மிக அருகிலுள்ள கட்டத்தின் மதிப்பை அப்படியே எடுக்கும் ‘அண்மைக்கட்ட முறை’யே சரி. சாய்ந்து திரும்பிய சதுரத்தின் ஓரங்களில் தரவே இல்லாத முக்கோணங்கள் தோன்றும். அவற்றுக்கு மதிப்பு குறிக்காவிட்டால் சுழியம் நிரம்பி, கடல்மட்டம் போலக் காட்சியளிக்கும். அவற்றை ‘மதிப்பிலி’ என்று அழைப்பது பொருந்தும். மேற்சொன்ன உயரத் தரவில் அதற்குரிய எண் −32768.

சிறுநிரல் தான் செய்ததை வரிவரியாகப் பதிவுசெய்யும்போது இந்தச் சொற்களையே வழங்கலாம். ‘எறியம் குறிக்கப்படவில்லை, கோப்பு தவிர்க்கப்பட்டது’ என்றும், ‘எறியம் ஏற்கெனவே யுடிஎம் 44, மாற்றம் தேவையில்லை’ என்றும், ‘எறியம் மாற்றப்பட்டது, கட்ட அளவு 30 மீட்டர், மதிப்பிலி −32768’ என்றும் திரையில் ஓடினால், எந்தக் கோப்புக்கு என்ன நேர்ந்தது என்பது தமிழ் மட்டும் படிப்பவருக்கும் விளங்கிவிடும். மாற்றியவை புதிய கோப்புறைக்கே செல்ல வேண்டும், மூலக்கோப்பின் மேல் எழுதப்படக் கூடாது. ஒவ்வொரு எறியமாற்றத்திலும் மதிப்புகள் சிறிதளவு தேய்வதால், அடுத்த தேவைக்கும் மூலத்திலிருந்தே மாற்ற வேண்டியிருக்கும்.