பகிஷ்கரிப்பா, வெளிநடப்பா?

“நாமளும் எக்ஸைப் பகிஷ்கரிக்க வேணுமோ மனே?” மட்டக்களப்பு நகரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நிருபர் அண்ணன் ஒருவர் கேட்டார். முன்பு டுவிட்டராக இருந்த எக்ஸ் தளத்தைவிட்டுச் சில ஊடகங்கள் போனதைப் பற்றித்தான் பேச்சு. இருபது வருடமாகப் பிராந்தியச் செய்தியாளர். செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. கேள்வியைவிட அந்தச் சொல்தான் எனக்கு உறுத்தியது.

பணிப்பகிஷ்கரிப்பு, தேர்தல் பகிஷ்கரிப்பு, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விரிவுரைப் பகிஷ்கரிப்பு என்று நமக்குப் புழங்கிய சொல். வடமொழியில் ‘பஹிஸ்’ என்றால் வெளியே. வெளியே தள்ளுவதுதான் வேர்ப்பொருள். ஆங்கிலத்தின் ‘பொய்கொட்’ ஒரு ஆளின் பெயர். 1880இல் அயர்லாந்தின் மேயோவில் ஒரு பிரபுவின் காணிகளைப் பார்த்துவந்த கப்டன் சார்ள்ஸ் பொய்கொட், குத்தகைக்காரரைக் காணியிலிருந்து எழுப்ப முனைந்தார். ஊர் அவரைத் தள்ளிவைத்தது. வயலுக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. வெளியூரிலிருந்து ஐம்பது பேரைக் கூட்டிவந்து, பட்டாளக் காவலோடு அறுவடை செய்யவேண்டியதாயிற்று. வருடம் முடியுமுன் மனிதர் நாட்டைவிட்டே போனார். தள்ளிவைத்தலுக்கு ஏற்கெனவே இருந்த ஆங்கிலச் சொல் குடியானவர் வாயில் நுழையாதென்று பங்குத் தந்தை ஒருவர் அவர் பெயரையே வினையாக்கினாராம். எழுதிவைத்தவர் ஜேம்ஸ் ரெட்பாத், அமெரிக்க ஊடகர்.

அங்கே வெளியேறியவர் தள்ளிவைக்கப்பட்டவர். எக்ஸிலோ முதலாளி உள்ளேயே இருக்கிறார், போகிறவர்கள் ஊடகர்கள். அப்படியிருக்க, இது எப்படிப் பகிஷ்கரிப்பாகும்?

தனித்தமிழ் விரும்பிகள் ‘புறக்கணிப்பு’ என்பார்கள். புறம் என்றால் முதுகும்தான். புறங்காட்டி ஓடுவதில் வருகிற புறம். எங்கள் ஊர்ப் பேச்சில், கிறுகி நிற்பது. நல்ல சொல், ஆனால் கிறுகி நிற்பவர் பார்ப்பதும் இல்லையே. 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலி, தன்மேல் ‘அரசு சார்ந்த ஊடகம்’ என்ற முத்திரை குத்தப்பட்டதால் டுவிட்டரில் பதிவதை நிறுத்தியது. 2024 நவம்பரில் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகையும் தன் கணக்குகளில் நிறுத்தியது. ஆனால் செய்தி திரட்ட நிருபர்கள் அத்தளத்தைப் பயன்படுத்தலாம் என்றது. பதிவு இல்லை, பார்வை உண்டு.

இதற்கு ‘வெளிநடப்பு’தான் பொருத்தம் என்பேன். சபையில் உறுப்பினர் காரணம் சொல்லிவிட்டு எழுந்து போவார். ஆசனம் அவருடையதாகவே இருக்கும்.

அண்ணன் போகமாட்டார். எங்கள் மாவட்டத்து மயிலத்தமடு மேய்ச்சல் தரைத் தகராறு பற்றி அவர் போடும் நாலு வரி வெளிநாட்டு ஊடக அமைப்புகளின் கண்ணில் படுவது எக்ஸில்தான். “மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தவா?” என்கிறார். எங்கள் பக்கத்தில் இது வெறும் பழமொழியும் அல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரச் சாப்பாட்டுக் கடையொன்றின் கறியில் கிடந்த மாக்கட்டியை, சிங்களவரை மலடாக்க முஸ்லிம் கடைக்காரர் போட்ட மாத்திரை என்றார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கடைக்காரரை மிரட்டி எடுத்த காணொளி முகநூலில் ஓடியது. அந்த வருட வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. அது மாத்திரையல்ல, மாதான் என்ற பகுப்பாய்வு முடிவை அண்ணன் பகிர்ந்ததும் அதே முகநூலில்தான். வேறெங்கே போட்டால் அம்பாறையில் வாசிப்பார்கள்?

நான் கண்டுபிடித்த சொல்லை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“வெளிநடப்புக்குக் கதிரையொண்டு வேணுமே மனே. நான் நிண்டுகொண்டெல்லோ இருக்கன்.”