பல்துறை வேறு, துறையிடை வேறு

கருத்தரங்க அழைப்பிதழ் எதைப் பிரித்தாலும் ‘பல்துறை ஆய்வு’ என்றிருக்கிறது. ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பினால் அங்கே ‘இன்டர்டிசிப்ளினரி’. சரி, ‘மல்டிடிசிப்ளினரி’க்கு என்ன தமிழ் என்று கேட்டால் அதற்கும் ‘பல்துறை’யாம். இரண்டு கருத்துகளுக்கும் ஒரே சொல்லை எழுதிவிட்டு, தமிழில் கலைச்சொல் போதவில்லை என்ற புலம்பல் வேறு.

‘டிசிப்ளின்’ லத்தீனின் ‘டிசிப்ளினா’விலிருந்து வந்தது, கற்பது, கற்பிப்பது என்று பொருள். ‘இன்டர்’ என்றால் இடையே. இரண்டும் சேர்ந்த சொல் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கச் சமூக அறிவியலாளர்களிடம் புழக்கத்துக்கு வந்தது. நம் ‘துறை’ ஆற்றில் இறங்கும் இடம். இலக்கணத்தில் திணையின் உட்பிரிவு. ‘கற்றுத் துறைபோதல்’ என்றால் முற்றக் கற்றுத் தேர்தல். ஆகவே டிசிப்ளினுக்குத் துறை என்பதில் சண்டை இல்லை.

சண்டை முன்னொட்டில். கீழடியில் கிடைத்த கரித்துண்டுகள் காலக்கணிப்புக்காக அமெரிக்க ஆய்வகத்துக்கும், எலும்புகள் புனே தக்காணக் கல்லூரிக்கும், பானை ஓடுகள் இத்தாலியின் பைசா பல்கலைக்கழகத்துக்கும் போயின. ஒவ்வோர் இடமும் தன் முறைப்படி ஆராய்ந்து முடிவைச் சொன்னது. தொல்லியலார் அவற்றைத் தொகுத்தனர். இது பல்துறை ஆய்வு. 1953இல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் வெளிப்பட்ட கதை வேறு. அதைக் கண்டறிந்த இருவரில் கிரிக் இயற்பியல் படித்தவர், வாட்சன் விலங்கியல் படித்தவர். ஃபிராங்க்ளின் என்ற வேதியியலாளரின் எக்ஸ்-கதிர்ப் படம் அவர்களுக்கு முக்கியச் சான்றாக உதவியது. கேள்வியே எந்த ஒரு துறைக்கும் சொந்தமில்லை; அதைச் சுற்றி வளர்ந்த மூலக்கூற்று உயிரியல் இன்று தனித்துறை. இதையும் ‘பல்துறை’ என்றால், துறைகள் கலந்ததற்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததற்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது.

கொஞ்சம் யோசித்தவர்கள் ‘இடைத்துறை’ என்கிறார்கள். அதுவும் ஆகாது. இடைத்தேர்தல் என்றால் இடையில் வரும் தேர்தல். இடைக்காலம் என்றால் நடுவிலுள்ள காலம். அந்தக் கணக்கில் இடைத்துறை என்பது நடுவில் கிடக்கும் ஒரு துறை. நமக்கு வேண்டியது துறைகளின் இடையே நடப்பது. ‘இடை’ பெயருக்குப் பின் வந்தால் ஏழாம் வேற்றுமை உருபு. நன்னூல் இடப்பொருள் உருபுகளை ‘கண், கால், கடை, இடை’ என்றுதான் தொடங்குகிறது. எனவே துறையிடை ஆய்வு. இல்முன் ‘முன்றில்’ ஆகவில்லையா, இடைத்துறையையும் அப்படி முன்பின் மாறி வழங்கும் இலக்கணப்போலியாகக் கொள்ளக்கூடாதா என்று வாதிடுவார்கள். முன்றில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாயில் புழங்கி நிலைத்தது. நேற்று மேசையில் உட்கார்ந்து மாற்றிப் போட்டதற்கு அந்தச் சலுகை கிடையாது.

இதைவிடக் கொடுமை, இயந்திர மொழிபெயர்ப்பு உமிழும் ‘இடைநிலை ஆய்வுகள்’. இடைநிலை ஆசிரியரைத் தெரியும். பகுபதத்தில் விகுதிக்கு முன் நிற்கும் இடைநிலையும் தெரியும். இது எந்த இடைநிலை? ‘கிராஸ்டிசிப்ளினரி’யில் ‘கிராஸ்’ என்று கண்டதும் ‘குறுக்குத்துறை’ என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை திருநெல்வேலிக்குப் போய்வரலாம். அங்கே குறுக்குத்துறை தாமிரபரணியில் இருக்கிறது. முருகன் கோயிலும் உண்டு. வெள்ளம் இல்லாத நாளாகப் பார்த்துப் போகட்டும்.

‘டிரான்ஸ்டிசிப்ளினரி’ 1970இல் பிரான்சின் நீஸ் நகரக் கருத்தரங்கில் சுவிஸ் உளவியலாளர் பியாஜே முன்வைத்த சொல். அதற்குத் ‘துறைகடந்த’ என்பது ஏற்கெனவே பலர் எழுதுவது, நல்ல சொல்தான். மொழிபெயர்ப்பாளர்கள் மூன்றையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்திருந்தாலே இந்தக் குழப்பம் வந்திருக்காது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். துறையிடை வாயில் நுழையவில்லை என்றால் ‘துறைகளுக்கிடையேயான ஆய்வு’ என்று நீட்டியே எழுதுங்கள். அழைப்பிதழில் அரை வரி கூடும், அவ்வளவுதான்.