கூடுதலாகக் கேட்ட 15 பிரதிகள்

வரப்புத் தகராறு என்று வருகிற கட்சிக்காரரிடம் நான் முதலில் கேட்பது பட்டாவை அல்ல. "ஸ்கெட்ச் போட்டது யாருங்க? அப்பவே ஆட்சேபணை எழுதிக் கொடுத்தீங்களா?" போன மாதம் வந்த பெரியவர் தலையைச் சொறிந்தார். பக்கத்து நிலத்துக்காரர் கூட்டிவந்த சர்வேயர் போட்ட படம். அதில் கையெழுத்தும் போட்டு, ஜெராக்ஸ் ஒன்றும் கேட்டு வாங்கி, பன்னிரண்டு வருஷமாக பீரோவில் வைத்திருக்கிறார்.

இப்படித்தான் ஒரு நாடு கோயிலையே இழந்தது. தாய்லாந்து - கம்போடிய எல்லையில், டாங்ரெக் மலை விளிம்பில் நிற்கும் பிரியா விகார் சிவன் கோயில். சியாமும் (தாய்லாந்தின் பழைய பெயர்) பிரான்ஸும் செய்த 1904 ஒப்பந்தப்படி, நீர் இருபக்கமும் பிரிந்தோடும் மலைமுகடுதான் எல்லை. ஆனால் படம் வரையத் தகுந்த ஆட்கள் சியாமிடம் இல்லை. வேலையைப் பிரெஞ்சு அதிகாரிகளிடமே விட்டது. கம்போடியா அப்போது பிரான்ஸின் பிடியில். எதிர்க்கட்சியே சர்வேயர்!

1908இல் வந்த படத்தில் கோயில் கம்போடியப் பக்கம் இருந்தது. சியாமின் உள்துறை அமைச்சர் இளவரசர் தாம்ரோங் நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்கு அனுப்ப இன்னும் 15 பிரதி கேட்டார். 1930இல் அவரே கோயிலுக்குப் போனபோது பிரெஞ்சுக் கொடி பறக்க, பிரெஞ்சு அதிகாரி வரவேற்றார். அப்போதும் ஆட்சேபணை இல்லை. 1962இல் சர்வதேச நீதிமன்றம் 9க்கு 3 என்று கோயிலைக் கம்போடியாவுக்குக் கொடுத்தபோது, பிடித்துக்கொண்டது இந்த மௌனத்தைத்தான்.

நடுவில் ஜப்பானும் நாட்டாமை செய்தது. 1941இல் அது செய்துவைத்த சமரசத்தில் தாய்லாந்துக்குக் கம்போடிய நிலம் கிடைத்தது. ஜப்பான் போரில் தோற்றதும், 1946இல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கோயில் வழக்கு முடிந்தும் மீதி எல்லைத் தகராறு தீரவில்லை. 2025 ஜூலை 24 அன்று மறுபடி பீரங்கிச் சண்டை. சண்டை நிற்காவிட்டால் வர்த்தகப் பேச்சே கிடையாது என்றார் டிரம்ப். இரு நாட்டுப் பொருள்களுக்கும் 36 சதவீத வரி காத்திருந்தது. 28ஆம் தேதி மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் முன்னிலையில் போர்நிறுத்தம். சில நாளில் வரி 19 சதவீதமானது. இதைக் குறை சொல்ல மாட்டேன், செத்துக்கொண்டிருந்தவர்கள் மனிதர்கள். ஆனால் "போரை முடித்துவைத்தார்" என்ற தலைப்புச் செய்தியை நம்பிவிடாதீர்கள். அக்டோபரில் டிரம்ப் முன்னிலையில் கோலாலம்பூரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பரில் கண்ணிவெடியில் தாய்லாந்து வீரர்கள் காயம்பட்டார்கள், ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது. டிசம்பரில் மறுபடி குண்டு.

கம்போடியா நீட்டுவது அந்தப் பிரெஞ்சுப் படத்தை. அளவு 1:2,00,000. அதாவது படத்தில் 1 மில்லிமீட்டர், தரையில் 200 மீட்டர். கோட்டின் தடிமனிலேயே ஒரு குடியிருப்பு அடங்கிவிடும். தாய்லாந்து நீட்டுவது 1:50,000 அளவிலான தன் சொந்தப் படத்தை. இரண்டையும் எதிரெதிரே வைத்துக்கொண்டுதான் இரு தரப்பும் உட்கார்ந்திருக்கின்றன.