லாரிக்குப் பொருந்தும் டயரும் காலத்துக்குப் பொருந்தும் டயரும்

ரங்கூனில் மர உடம்பு கட்டிய ஷெவர்லே பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போன தலைமுறைக்கு அந்த வண்டியின் சப்பை மூக்கு மறந்திருக்காது. மரத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் இருப்பது கனடாவில் செய்த ராணுவ லாரி. இரண்டாம் உலகப்போரின்போது கனடா 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் செய்தது. அதில் பாதிக்கு மேல் இந்த மாதிரிதான், ஃபோர்டும் ஷெவர்லேயும் பிரிட்டிஷ் ராணுவத்தின் அளவுக்குச் செய்து கொடுத்தவை. போர் முடிந்ததும் இங்கேயே தங்கிப்போன வண்டிகளைப் பட்டறைக்காரர்கள் பஸ்ஸாகவும் மரம் இழுக்கும் லாரியாகவும் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள்.

இப்போது அப்படி ஒரு சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) எடுத்து 1944-ல் இருந்தபடி மீட்க வேண்டும் என்றால், தகரத்தைத் தட்டிவிடலாம், எஞ்சினையும் எங்காவது தேடிவிடலாம். சக்கரத்தில்தான் வேலை நின்றுபோகும். என் கட்சி இதுதான்: ரிம் பழையதாக இருக்கட்டும், டயர் புதியதாக இருக்கட்டும். பழைய டயரையே தேடி அலைகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. காரணம் டயரின் உள்ளே இருக்கிறது.

முதலில் அளவு. 15 ஹண்ட்ரட்வெயிட் (ஏறக்குறைய 760 கிலோ) சுமை ஏற்றும் ஷெவர்லேக்கு 9.00-16. முன்னால் இருப்பது டயரின் அகலம், பின்னால் இருப்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். அந்தக் காலத்து டயரின் உயரம், அதாவது ரிம்மிலிருந்து தரை வரை, ஏறக்குறைய அதன் அகலமே. ஆகவே விட்டத்தைக் கணக்கிடத் தாளும் பேனாவும் தேவையில்லை: 16 + 9 + 9, மொத்தம் 34 அங்குலம். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) உயரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அமெரிக்க ஜி.எம்.சி. ஆறு சக்கர லாரிக்கு 7.50-20, ஜீப்புக்கு 6.00-16. 

எளிதில் கிடைக்கிறதே என்று 9.00-க்குப் பதில் 7.50-16 மாட்டுகிறவர்கள் உண்டு. ரிம்மில் அது உட்கார்ந்துவிடும். ஆனால் விட்டம் 31 அங்குலமாகச் சுருங்கி, வண்டி ஒன்றரை அங்குலம் தாழும். 40 மைல் வேகத்தில் போகும்போது வேக மீட்டர் 44 காட்டும். அதைவிட மோசம், முன்னால் ஓர் அளவும் பின்னால் ஓர் அளவும் போடுவது. நான்கு சக்கர இழுவை உள்ள இந்த லாரியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு அச்சையும் ஒரே வேகத்தில் சுற்றச் சொல்லிவிட்டு, ஒரு பக்கம் சின்னச் சக்கரம் கொடுத்தால், கெட்டித் தரையில் முறுக்கு ஏறி ஏறிக் கடைசியில் ஏதோ ஒரு பல்சக்கரம் உடையும். சேற்றில் சக்கரம் வழுக்கி முறுக்கைத் தணித்துக்கொள்ளும். தார்ச் சாலையில் அந்த வழி இல்லை.

அப்புறம் 9.00-16 என்பதில் நடுவே வரும் கோடு. அந்த இடத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது ரேடியல் டயர். பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷ்லேன் ரேடியலுக்குக் காப்புரிமை எடுத்தது 1946-ல். 1944 லாரியில் அது இருக்க வழியே இல்லை. பழைய டயரில் துணி அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, சாய்ந்து ஓடும். பக்கச் சுவரும் தரையைத் தொடும் பாகமும் ஒரே துணிக்கூட்டில் நிற்பதால் சுவர் விறைப்பாக இருக்கும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகின்றன, பட்டனுக்கு அடியில் தனியாக ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் சுவர் இளகி, அடியில் தொந்தி போலப் பிதுங்கும். கொஞ்சம் பழகிய கண் இந்தத் தொந்தியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும். கடையில் 'நைலான் டயர்' என்று கேட்டால் வருவது பழைய அமைப்புதான். 1944-ல் உள்ளே இருந்தது பருத்தியோ ரேயானோ; அந்த மாற்றம் வெளியே தெரியாது, தெரிந்தாலும் நான் கவலைப்படமாட்டேன்.

ரப்பரின் கதைக்கு மோல்மேன் பக்கம் போக வேண்டும். முடோனிலும் தான்பியூசயாட்டிலும் இன்றைக்கும் ரப்பர் மரம் கீறுகிறார்கள். 1942-ல் ஜப்பான் மலாயா, டச்சுத் தீவுகள் (இன்றைய இந்தோனேசியா), பர்மா என்று பிடித்துக்கொண்டே வந்தபோது உலக இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 விழுக்காடு நேச நாடுகளுக்குக் கிடைக்காமல் போனது. அமெரிக்கா பெட்ரோலியத்திலிருந்தும் ஆல்கஹாலிலிருந்தும் செயற்கை ரப்பரை அவசரமாகக் காய்ச்சியது. ரப்பர் விளையும் பர்மாவை மீட்க வந்த படைக்குத் தொழிற்சாலை ரப்பர் தேவைப்பட்டது, அந்தப் போரின் விசித்திரங்களில் ஒன்று.

செயற்கை ரப்பருக்கு ஒரு குறை இருந்தது. எந்த ரப்பரையும் இழுத்துவிட்டால், கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வராது. மீதி சூடாக மாறும். அன்றைய செயற்கை ரப்பர் இயற்கை ரப்பரைவிட அதிகமாகச் சூடேறியது. 34 அங்குல டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 370 முறை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பாகமும் ஒரு தடவை நசுங்கி நிமிர்கிறது. குறுக்குத் துணி அடுக்குகள் தங்களுக்குள் உரசுவது வேறு. கார் டயரில் இந்தச் சூடு வெளியேறிவிடும், தடித்த லாரி டயரில் உள்ளேயே தங்கும். அதனால்தான் பெரிய டயர்களுக்கு மட்டும் இயற்கை ரப்பரைச் சேமித்து வைத்துக் கலந்தார்கள்.

இப்படிப் பிறந்த டயர் 80 வருடம் கழித்து என்ன ஆகும்? ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் உள்ள ஓசோன் தாக்கி அறுக்கிறது. இழுவிசை இருக்கும் இடத்தில்தான் அந்த வெடிப்பு வாய் திறக்கும். ஆக்சிஜன் வேறு வழியில் ரப்பரை இறுக வைக்கிறது. வெடிப்பு வழியாக இறங்கும் ஈரம் பருத்தி நூலை உளுத்துப்போக வைக்கும். நம் ஊர் மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'ஓடாத டயர், புத்தம் புதுசு அண்ணே' என்று யாராவது பழைய சரக்கைக் காட்டினால், காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு வாங்கலாம். ஓட்டும் வண்டிக்கு வேண்டாம். பழைய பட்டன் வடிவத்திலேயே புதிதாக வார்த்த டயர்கள் வெளிநாட்டில் விற்பனைக்கு வருகின்றன.

பட்டன் வடிவம் என்றதும் அமெரிக்க ராணுவ டயரின் நினைவு வரும்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கட்டைகள், எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். வண்டி எந்தத் திசையில் போனது என்று எதிரி தடம் பார்க்க முடியாது என்பதற்காகச் செய்தார்கள் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முன்னும் பின்னும் ஒரே பிடிப்பு, இடது வலது பார்க்காமல் ஒரே ஸ்டெப்னியை எங்கும் மாட்டலாம் என்பதே போதுமான காரணம். சேறு கட்டைகளுக்கு நடுவே அப்பிக்கொள்ளும் என்பது இதன் பலவீனம்.

கடைசியாக ரிம். டயரைப் போல எஃகுக்குத் தானாக மூப்பு வராது. துரு மட்டுமே எதிரி, அதைக் கண்ணால் பார்க்கலாம், அளக்கலாம். பழைய விவசாய டிரெய்லர்களின் அடியில் தேடுங்கள். இந்த லாரியின் 16 அங்குலச் சக்கரம் இரண்டு எஃகுத் தட்டுகளை டயருக்கு இரு பக்கமும் வைத்து போல்ட்டால் சேர்த்தது. நெம்புகோல் இல்லாமல் காட்டிலேயே டயர் மாற்றலாம் என்பது இதன் வசதி. ஆபத்தும் அதிலேதான். சக்கரத்தில் இரண்டு வட்டம் நட்டுகள் உண்டு: ஒரு வட்டம் சக்கரத்தை ஹப்போடு பிடிக்கிறது, மற்றது இரண்டு தட்டையும் ஒன்றாகப் பிடிக்கிறது. டயரின் ஒரு பக்கச் சுவரின் பரப்பு ஏறக்குறைய 700 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு காற்று என்றால் 28,000 பவுண்டு, அதாவது 12 டன்னுக்கும் மேல் விசை. அதில் பல டன் டயர் விளிம்பு வழியாக ரிம்மைப் பிளக்கத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. காற்று இருக்கும்போது தவறான நட்டை, அதாவது தட்டுகளைப் பிடிக்கும் நட்டை, கழற்றினால் தட்டு பீரங்கிக் குண்டாகப் பறக்கும். பிரிட்டிஷ் ராணுவம் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து வைத்தது இதற்காகத்தான். மேலே பத்து பூச்சு ஏறிய பஸ் சக்கரத்தில் சிவப்பு எங்கே தெரியப் போகிறது!

ஆகவே வேலை வரிசை மாறக்கூடாது. வால்வின் ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் போனபின் வால்வுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்து, அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். தட்டுகள் சேரும் முகத்திலும் போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும் துரு தின்ற குழிகளோ மெல்லிய விரிசலோ இருந்தால் அந்தத் தட்டு தூக்கி எறிய வேண்டியது. வெல்டிங் வைத்துச் சரிசெய்யக் கூடாது. போல்ட், நட்டு, டியூப், ஃபிளாப் (டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பட்டை) நான்கும் புதிது. காற்று நிரப்பும்போது சக்கரம் இரும்புக் கூண்டுக்குள், ஆள் நீளமான ஓஸின் மறுமுனையில்.